இஸ்லாமியவாதத் தீவிரவாதத்தை ஆய்வு, பயிற்சி, உரையாடல் வழியே எதிர்கொள்வது: பிரிட்டனின் குவில்லியம் அறக்கட்டளையை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'இஸ்லாமியத் தீவிரவாதம்' என்ற பழகிய சொல் இருக்க, 'இஸ்லாமியவாதம்' என்ற சொல் எதற்கு?

இஸ்லாம் ஒரு சமயம். இஸ்லாமியவாதம் என்பது அச்சமயத்துக்குத் தரப்படும் ஒரு குறிப்பிட்ட விளக்கத்தை அரசின் சட்டமாக்கி, சமுதாயம் முழுவதன் மீதும் செலுத்த வேண்டும் என்று கோருகிற அரசியல் கொள்கை. அது இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது: 1928-ல் எகிப்தில் ஹசன் அல்-பன்னா முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பைத் தொடங்கினார், 1941-ல் மௌதூதி ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கினார், 1953-ல் ஜெருசலேமில் தகியுத்தீன் நபஹானி ஹிஸ்புத் தஹ்ரீரை நிறுவினார். இவற்றின் வழிவந்தவர்களில் தேர்தலில் நிற்பவர்களும் உண்டு, தேர்தலே கூடாது என்பவர்களும் உண்டு. ஆயுதம் ஏந்துவோர் தனி ஒரு பிரிவினர். ஒரு முஸ்லிம் ஐந்து வேளையும் தொழுகிறார், தாடி வைத்திருக்கிறார் என்பது அவருடைய அரசியலைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிற ஆய்வும் பயிற்சியும் உரையாடலும் எங்கே போய் முடிகின்றன என்பதைக் கீழே வரும் பல விடைகளில் காணலாம்.

தமிழில் இன்னொரு குழப்பமும் உண்டு. நம் நாளிதழ்கள் தீவிரவாதம், பயங்கரவாதம் ஆகிய இரண்டையும் ஒரே பொருளில் எழுதிவிடுகின்றன. 1907-ல் சூரத்தில் காங்கிரஸ் பிளவுபட்டபோது திலகர் பக்கம் நின்றவர்களைத் 'தீவிரவாதிகள்' என்றே நம் பள்ளிப் பாடநூல்கள் குறித்தன, வ.உ.சி.யும் பாரதியும் அந்தப் பக்கத்தவர்கள். இந்தக் கேள்வி-பதில்களில் தீவிரவாதம் என்பது கருத்தின் எல்லைமீறலையும், பயங்கரவாதம் என்பது குடிமக்களைக் கொல்லும் செயலையும் குறிக்கும்.

குவில்லியம் அறக்கட்டளையைத் தொடங்கியவர்கள் யார்?

எட் ஹுசைன், மாஜித் நவாஸ், ரஷாத் ஸமான் அலி ஆகிய மூவரும் 2008-ல் லண்டனில் தீவிரவாத எதிர்ப்பு அமைப்பான இதைத் தொடங்கினார்கள். மூவரும் ஹிஸ்புத் தஹ்ரீரில் இருந்து வெளியேறியவர்கள். அதுதான் அவர்களுடைய பலமாகவும் பின்னாளில் அவர்கள்மீது எழுந்த ஐயமாகவும் இருந்தது. நவாஸ் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளியினர். 2002-ல் அரபு மொழி கற்க எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்தபோது, அந்நாட்டில் தடைசெய்யப்பட்ட அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகக் கைதாகி, 2006 வரை சிறையில் இருந்தார். பன்னாட்டு மன்னிப்பு அவை அவரை மனசாட்சிக் கைதியாக ஏற்று அவருக்காகக் குரல் கொடுத்தது. சிறைக்குள் அவர் சந்தித்தவர்களில், எகிப்திய அதிபர் சாதாத்தின் 1981-ஆம் ஆண்டுக் கொலை வழக்கில் தண்டனை பெற்று, நீண்ட காலம் உள்ளே இருந்தபடி தம் பழைய நிலைப்பாட்டைத் தாமே மறுபரிசீலனை செய்துகொண்டிருந்தவர்களும் இருந்தார்கள்.

அவர்கள் முன்வைத்த வாதம் எளியது: குண்டு வைப்பவனைக் காவல்துறை பிடிக்கலாம், அவனை அந்த இடத்துக்குக் கொண்டுசேர்த்த கருத்தை வாதிட்டுத்தான் வெல்ல முடியும், அந்த வாதத்தை முஸ்லிம்களே முஸ்லிம்களிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

வில்லியம் ஹென்றி குவில்லியம் லிவர்பூல் நகரத்து வழக்கறிஞர். மொரோக்கோ சென்று வந்தபின் 1887-ல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா என்று பெயர் பூண்டு, 1889-ல் அந்நகரின் புரூம் டெரஸ் வீடொன்றில் தொழுகைக் கூடத்தை அமைத்தார். அது இங்கிலாந்தின் தொடக்ககாலப் பள்ளிவாசல்களுள் ஒன்று. உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவருக்குப் பிரிட்டன் தீவுகளின் ஷைகுல் இஸ்லாம், அதாவது முஸ்லிம்களின் மார்க்கத் தலைவர், என்ற பட்டத்தை அளித்தார். முஸ்லிமாகவும் பிரிட்டிஷ்காரராகவும் ஒருசேர இருக்கலாம் என்பதற்கு அவரை அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இதே குவில்லியம், பிரிட்டன் 1896-ல் சூடான்மீது படையெடுத்தபோது, முஸ்லிம்கள் அப்போரில் சக முஸ்லிம்களுக்கு எதிராக ஆயுதம் ஏந்தக் கூடாது என்று மார்க்கத் தீர்ப்பு வெளியிட்டவர். இன்றைய பிரிட்டனில் ஒருவர் அதே அறிக்கையை வெளியிட்டிருந்தால், அவருடைய பெயரில் இயங்கிய அறக்கட்டளையே அவரை எந்தப் பட்டியலில் வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இளைஞர் ஒருவர் ஏன் பயங்கரவாதத்தின் பக்கம் போகிறார் என்பதற்கு ஆய்வு என்ன விடை தருகிறது?

ஒற்றை விடை இல்லை. பிரான்சில் ஒலிவியே ருவா, ஜில் கெப்பெல் ஆகிய இரு அறிஞர்களுக்கும் இடையே நடந்த நீண்ட சச்சரவு இதன் இரு முனைகளைக் காட்டுகிறது. தலைமுறைக் கோபமும் வெறுமையும் கொண்ட இளைஞர்களின் தீவிரம் இஸ்லாமியச் சட்டையை அணிந்துகொள்கிறது என்பது ருவாவின் பார்வை. தொடக்ககால முஸ்லிம்களின் வழிக்கே திரும்ப வேண்டும் என்னும் சலஃபியக் கருத்துகள் பரவிய சூழலையும் அரபு உலக அரசியலையும் படிக்காமல் அந்தத் தீவிரத்தை விளங்கிக்கொள்ள இயலாது என்பது கெப்பெலின் பார்வை.

பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5 தயாரித்து, 2008-ல் செய்தித்தாளில் வெளியான ஆய்வறிக்கை ஒன்று, பயங்கரவாதிக்கென்று ஒரு பொதுவான சாயல் கிடையாது என்றும், ஈடுபட்டவர்களில் பலர் மார்க்கக் கடமைகளை முறையாகப் பின்பற்றாதவர்கள் என்றும், ஆழ்ந்த மார்க்கக் கல்வி ஒருவரைத் தீவிரத்திலிருந்து காக்கவும் கூடும் என்றும் கூறியது. 2013-ல் பர்மிங்காமிலிருந்து சிரியப் போருக்குக் கிளம்பிய இரு இளைஞர்கள், புறப்படுமுன் இணையக் கடையில் வாங்கியவற்றில் இஸ்லாத்தைப் புதிதாக அறிவோருக்கான எளிய அறிமுக நூலும் இருந்தது என்பது அவர்கள் வழக்கில் வெளிவந்தது.

குவில்லியம் இவ்விவாதத்தில் கொள்கைக்கு முதலிடம் கொடுத்தது. மனக்குறை, அடையாளச் சிக்கல், ஈர்ப்புள்ள ஆள்சேர்ப்பாளர், இவை அனைத்தையும் ஒரே கதையாகக் கோத்துத்தரும் கொள்கை ஆகிய நான்கும் சேர வேண்டும் என்பது நவாஸ் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்னது. இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதே. மனக்குறை கோடிக்கணக்கானவர்களுக்கு உண்டு. அவர்களில் மிகமிகச் சிலரே கொலைக்குப் போகிறார்கள் என்பதைக் கொள்கையையும் ஆள்சேர்ப்பாளரையும் விட்டுவிட்டு விளக்க முடியாது. ஆனால் கொள்கையை மட்டும் பற்றிக்கொண்டவர்கள் இராக் போரையும் வேலையின்மையையும் பற்றிய பேச்சையெல்லாம் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடும் நிலைக்கு வந்ததும் நடந்தது.

பயிற்சி யாருக்கு அளிக்கப்படுகிறது?

முதலில் இதன் பின்புலத்தைச் சொல்ல வேண்டும். 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 52 பேர் கொல்லப்பட்டார்கள். தாக்கிய நால்வரில் மூவர் பிரிட்டனிலேயே பிறந்தவர்கள். அரசின் பயங்கரவாத எதிர்ப்புத் திட்டத்தில் 'பிரிவென்ட்', அதாவது முன்கூட்டியே தடுத்தல், என்ற பிரிவு அதன்பின் பெரிதாக வளர்ந்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், சிறைகள், உள்ளாட்சி மன்றங்கள் ஆகியவற்றுக்கு, மக்கள் பயங்கரவாதத்துக்குள் இழுக்கப்படுவதைத் தடுப்பதில் உரிய கவனம் செலுத்தும் கடமையை விதித்தது. ஆகவே ஆசிரியரும் செவிலியரும் பயிற்சிக்கு உட்பட வேண்டியவர்களானார்கள்.

கவலைக்குரியவராகத் தெரியும் ஒருவரைப் பற்றி ஆசிரியர் தகவல் தந்தால், காவல்துறை முதலில் அதைச் சலிக்கிறது. தேவை எனக் கண்டால், 'சேனல்' எனப்படும் பல்துறைக் குழுவுக்கு அது போகிறது. அக்குழு வழிகாட்டி ஒருவரையோ மனநல உதவியையோ குடும்பத்துக்கான ஆதரவையோ ஏற்பாடு செய்கிறது. சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால்தான் இது நடக்கும். குற்றப் பதிவாகவும் ஆகாது.

குறை பயிற்சியின் தரத்தில் இருக்கிறது. ஓரிரு மணி நேர வகுப்பில் ஓர் ஆசிரியருக்குச் சமயப் பற்றுக்கும் இஸ்லாமியவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொடுத்துவிட முடியாது. சந்தேகம் வந்தால் தெரிவித்துவிடுங்கள் என்பதைத்தான் கற்றுக்கொடுக்க முடியும். சிறைக் கைதிகளை மதிப்பிட உளவியலாளர்கள் உருவாக்கிய 22 காரணிகள் கொண்ட அளவுகோலை அடியொற்றியே பொதுமக்களிடையேயும் மதிப்பீடு நடந்தது. அதன் அறிவியல் அடிப்படையைப் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று 2016-ல் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரியே கேட்டது. நல்ல பயிற்சி எது என்று என்னைக் கேட்டால், கேள்வி கேட்கும் மாணவனை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பாமல், அவனோடு விவாதிக்கத் தேவையான வரலாற்றறிவை ஆசிரியருக்குத் தருவதுதான் என்பேன். பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேசும் மாணவனிடம் வாயை மூடச் சொல்லும் வகுப்பறை, அவன் அதைப் பற்றிப் பேச வேறு இடம் தேடுவதற்குத்தான் வழிவிடுகிறது.

பிரிட்டன் முஸ்லிம்களில் பலர் இத்திட்டங்களை ஏன் சந்தேகத்தோடு பார்த்தார்கள்?

நிதி எப்படிப் பங்கிடப்பட்டது என்பதிலிருந்தே அச்சந்தேகம் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில், ஆபத்து எங்கே இருக்கிறது என்ற மதிப்பீட்டைவிட, ஓர் ஊரில் எத்தனை முஸ்லிம்கள் வாழ்கிறார்கள் என்ற கணக்கே பிரிவென்ட் பணத்துக்கு அளவாக இருந்தது. இளைஞர் மன்றத்துக்கும் விளையாட்டுக் குழுவுக்கும் கிடைத்த பணம் பயங்கரவாத எதிர்ப்புக் கணக்கிலிருந்து வந்தது என்று தெரிந்தபோது, கால்பந்து ஆடவந்த பையன்கள் தாங்கள் யாராகப் பார்க்கப்படுகிறோம் என்று புரிந்துகொண்டார்கள். சமூக ஒற்றுமைப் பணியையும் பயங்கரவாத எதிர்ப்பையும் ஒன்றாகக் கலந்தது தவறு என்று 2010-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று வெளிப்படையாகவே சொன்னது.

அதே ஆண்டில் பர்மிங்காமில் இன்னொன்று நடந்தது. முஸ்லிம்கள் அடர்த்தியாக வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளைச் சுற்றி இருநூறுக்கும் மேற்பட்ட கண்காணிப்புக் கேமராக்கள் நிறுவப்பட்டன. அவற்றில் சில மறைத்து வைக்கப்பட்டவை. சாதாரணக் குற்றங்களைக் குறைக்கவே இவை என்று மக்களிடம் சொல்லப்பட்டது. பணம் பயங்கரவாத எதிர்ப்பு நிதியிலிருந்து வந்திருந்தது. உண்மை வெளிவந்ததும் எதிர்ப்பு வலுத்தது, காவல்துறை மன்னிப்புக் கேட்டது, கேமராக்கள் அகற்றப்பட்டன.

குவில்லியமும் இதில் கைகழுவிவிட முடியாது. 2010-ல் அது அரசின் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு இரகசியக் குறிப்பு ஒன்றை அனுப்பியது. வன்முறையை ஆதரிக்காத பல முஸ்லிம் அமைப்புகளை, பிரிட்டன் முஸ்லிம் பேரவை உட்பட, பயங்கரவாதிகளின் கொள்கையோடு உறவுடையவை என்று அக்குறிப்பு பட்டியலிட்டது. அது கசிந்து வெளியானது. அந்த அமைப்புகளைப் பெயர் சொல்லி மேடையில் விமர்சித்திருந்தால் அது வாதமாக இருந்திருக்கும், அவர்களும் மறுத்துப் பேசியிருப்பார்கள். பட்டியலைக் கதவுக்குப் பின்னால் அதிகாரியிடம் கொடுத்தவர் மறுநாள் உரையாடலுக்கு அழைத்தால் யார் வருவார்? தொடக்க ஆண்டுகளில் அரசிடமிருந்து பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல் பெற்றிருந்த ஓர் அமைப்புக்கு இது இன்னும் பெரிய அடியாக விழுந்தது.

பொது உரையாடலால் பலன் கிடைத்ததா?

கிடைத்தது, ஆனால் கலப்படமாக. இஸ்லாத்துக்குள் சீர்திருத்தம், மதத்தை விட்டு விலகுவோரின் உரிமை, பெண்களின் நிலை ஆகியவற்றை முஸ்லிம்களே தொலைக்காட்சியிலும் பல்கலைக்கழக மேடைகளிலும் வெளிப்படையாகப் பேசும் நிலையை உருவாக்கியதில் குவில்லியத்துக்குப் பங்குண்டு. அமைப்பில் சேர்ந்த உசாமா ஹசன் போன்ற அறிஞர்கள் மார்க்க நூல்களைக் கொண்டே வாதிட்டார்கள். லிபியாவின் ஆயுதக் குழுவொன்றின் முன்னாள் தலைவர்களுள் ஒருவரான நுஃமான் பின் உஸ்மான் 2010-ல் தம் பழைய நண்பர் பின் லாதினுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி வன்முறையைக் கைவிடக் கோரினார்.

2013 அக்டோபரில் வலதுசாரி ஆங்கிலேயப் பாதுகாப்புக் கழகத்தின் தலைவர் டாமி ராபின்சன், குவில்லியம் கூட்டிய செய்தியாளர் சந்திப்பில் தாம் அந்தக் கழகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். பெரும் வெற்றியாகப் பேசப்பட்ட அந்த நாள் நெடுநாள் நிலைக்கவில்லை. அவர் விரைவிலேயே முஸ்லிம் எதிர்ப்பு மேடைக்குத் திரும்பினார். ஒருவர் அமைப்பிலிருந்து விலகுவதும் கருத்திலிருந்து விலகுவதும் வேறுவேறு என்பதை அறியாதவர்கள் அல்லர் குவில்லியத்தார். அவர்களுடைய சொந்த வாழ்க்கையே அதைத்தான் சொன்னது.

எதிர்த்தரப்பின் மிகைக்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்ற உரிமை அமைப்பு 2016-ல் நவாஸை முஸ்லிம் எதிர்ப்புத் தீவிரவாதிகளின் பட்டியலில் சேர்த்தது. அது தவறு என்று 2018-ல் மன்னிப்புக் கேட்டு, 33.75 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பட்டியல் போடும் பழக்கம் எந்தப் பக்கத்துக்கும் நன்மை செய்யவில்லை.

வன்முறையில் இறங்காத இஸ்லாமியவாத அமைப்பைத் தடைசெய்வதா, அதனுடன் வாதிடுவதா?

2005 ஆகஸ்டில் பிரதமர் டோனி பிளேர் ஹிஸ்புத் தஹ்ரீரைத் தடைசெய்யப்போவதாக அறிவித்தார். சட்டப்படி போதிய காரணம் இல்லாததால் அது நடக்கவில்லை. அந்த இயக்கத்துக்காகவே சிறைசென்ற நவாஸ் தடையை எதிர்த்தார். கருத்தைப் பொதுவெளியில் தோற்கடிக்க வேண்டும் என்றார். இறுதியில் 2024 ஜனவரியில்தான், ஹமாஸின் அக்டோபர் 7 தாக்குதலைப் புகழ்ந்தது முதலிய காரணங்களைக் கூறி, பிரிட்டன் அதைத் தடைசெய்தது. இந்தியா அதே ஆண்டு அக்டோபரில் தடைசெய்தது. வன்முறையைத் தூண்டும்போது சட்டம் தலையிடுவது சரியே. அதற்கு முந்தைய எல்லையில் தடை போட்டால், வாதிட எதிராளி கண்ணுக்குத் தெரியாமல் போகிறார் என்பதே என் கருத்து.

சிறையில் இருப்பவர்களை உரையாடல் மாற்றுமா?

எகிப்தின் ஆயுதக் குழுவான அல்-ஜமாஅ அல்-இஸ்லாமிய்யாவின் சிறைப்பட்ட தலைவர்கள் 1997-ல் வன்முறையைக் கைவிடுவதாக அறிவித்து, பின்னர் தங்கள் பழைய மார்க்க வாதங்களைத் தாங்களே மறுத்து நூல்களும் எழுதினார்கள். சிங்கப்பூரில் தென்கிழக்காசியப் பயங்கரவாத அமைப்பான ஜெமா இஸ்லாமியாவின் உறுப்பினர்கள் 2001 இறுதியில் கைதான பின், 2003-ல் அங்குள்ள மார்க்க அறிஞர்கள் சமய மறுவாழ்வுக் குழுவை அமைத்து, கைதிகளோடு தனித்தனியாக அமர்ந்து பேசினார்கள். பின்னர் கைதிகளின் குடும்பங்களுக்கும் உதவி ஏற்பாடாயிற்று. கைதி மதிக்கும் புலமை எதிரில் அமர்ந்திருந்தது இரண்டு இடத்துக்கும் பொது. அதோடு, அங்கெல்லாம் விடுதலைக்கான நம்பிக்கையும் பேச்சோடு கலந்திருந்தது என்பதால், மனமாற்றம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

தோல்வியும் நடந்திருக்கிறது. 2019 நவம்பர் 29 அன்று லண்டனில் கைதிகளின் கல்விக்காகப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய நிகழ்ச்சியில், பயங்கரவாத வழக்கில் தண்டனை பெற்று நிபந்தனையோடு வெளிவந்திருந்த உஸ்மான் கான் இருவரைக் குத்திக் கொன்றார். அவர் சிறையிலும் வெளியிலும் மறுவாழ்வுத் திட்டங்களில் பங்கேற்றவர். வகுப்புக்கு ஒழுங்காக வந்தார் என்பதை மனம் மாறினார் என்று வாசித்துவிட்டார்கள்.

வலதுசாரித் தீவிரவாதம் இதில் சேராதா?

சேரும். 2024 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் பிரிவென்டுக்கு வந்த 6,922 பரிந்துரைகளில் இஸ்லாமியவாதம் 13 விழுக்காடு, தீவிர வலதுசாரி 19 விழுக்காடு. தெளிவான கொள்கையே இல்லாதவர்கள் இவ்விரண்டையும்விட அதிகம். ஆனால் உயிரிழப்பு மிகுந்த தாக்குதல்களில் இஸ்லாமியவாதத்தின் பங்கைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு பொருந்தவில்லை என்று 2023-ல் வில்லியம் ஷாக்ராஸ் அளித்த மறுஆய்வு அறிக்கை வாதிட்டது. பல உரிமை அமைப்புகள் அவருடைய நியமனத்தையே ஏற்காமல் அந்த ஆய்வைப் புறக்கணித்திருந்தன.

குவில்லியம் இப்போதும் இயங்குகிறதா?

இல்லை. பெருந்தொற்றுக் காலத்து நிதி நெருக்கடியைக் கூறி 2021 ஏப்ரலில் மூடப்பட்டது.

இந்த அனுபவத்துக்கும் தமிழுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் வேதனையானது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும் கொழும்பு ஆடம்பர விடுதிகளிலும் 260-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற கும்பலின் தலைவர் காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிம். அவர் ஆள்சேர்த்த மொழி தமிழ். இணையத்தில் பரவிய அவருடைய உரைகள் தமிழில் இருந்தன. 2017 மார்ச்சில் அவருடைய குழு காத்தான்குடியில் சூஃபி மரபினரோடு வன்முறையில் இறங்கியது. அதன்பின் அவர் தலைமறைவானார். அவரைப் பற்றி முதலில் காவல்துறையிடம் முறையிட்டவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கையும் வந்தது. இரண்டுக்கும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. சமூகத்துக்குள்ளிருந்து எச்சரிக்கை வருவதற்கு ஆய்வும் பயிற்சியும் உரையாடலும் வழி செய்ய வேண்டும் என்று பிரிட்டனில் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே எச்சரிக்கை கேட்காமலே வந்தது, அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

தாக்குதலுக்குப் பின் அரசு எதிர்த்திசையில் ஓடியது. சிலாவத்துறையைச் சேர்ந்த இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். அவர் 2017-ல் வெளியிட்ட 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பது குற்றச்சாட்டு. தமிழ் அறிந்தோர் அக்கவிதைகளைப் படித்தபோது, அவற்றில் வன்முறைக்கும் ஐ.எஸ். இயக்கத்துக்கும் எதிரான வரிகள் இருந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள் தடுப்புக்காவலில் இருந்தபின் 2021 டிசம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.